வராதவர்களுக்காக நிற்காத கப்பல்

கப்பல் ரோட்ஸ் தீவில் கட்டியபோது காலை எட்டு மணி. மாலை நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காது என்று ஒலிபெருக்கியில் நான்கு மொழிகளில் சொன்னார்கள். என் மனைவி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதைக் கடைசி வரை நின்று கேட்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே துறையில்தான் எங்கள் மகன் ஒரு கப்பலிலிருந்து இறங்கினான். திரும்பி ஏறவில்லை. அந்தக் கப்பலும் நிற்கவில்லை.

எங்களோடு வந்த கூட்டம் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க இறங்கியது. நாங்கள் ஆளைத் தேட இறங்கினோம்.

நான் மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவன். முப்பத்தொரு வருஷம். வீடு பக்கத்திலேயே, பண்டமாரானில். கப்பல் என்றாலே கேட்டுக்கு வெளியே லோரி வரிசையில் வெயிலில் காய்ந்ததுதான் எனக்கு ஞாபகம் வரும். அதில் ஏறி உல்லாசமாகப் போக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மகனுக்கு அப்படியில்லை. ஹோட்டல் படிப்பு படித்தான். பிரிக்பீல்ட்ஸில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருஷம் பரிமாறினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "அப்பா, கப்பல்ல வேலை கிடைச்சிருச்சு. இத்தாலி, கிரீஸ் எல்லாம் போகும்" என்றான். "போடா, ரெண்டே மாசத்துல வாந்தி எடுத்துக்கிட்டு ஓடி வருவ" என்றேன். அவன் சிரித்தான். முதல் ஒப்பந்தம் ஒன்பது மாதத்தை முடித்துக்கொண்டு கன்னமெல்லாம் சதை போட்டு வந்து நின்றான். இரண்டாவது ஒப்பந்தத்தில் ஆறாவது மாதம் இந்த ஊர்.

அன்றைக்கு அவன் எனக்குத்தான் போன் அடித்தான். எங்கள் ஊரில் அப்போது மத்தியானம். நான் போர்ட் கேட்டில் நிற்கிறேன், முன்னால் நாற்பது லோரி, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து உயிரை எடுக்கிறான். "அப்பா, பிஸியா?" என்றான். "கேட்ல நிக்கிறேன்டா. அப்புறமா அடி" என்றேன். "சரிப்பா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து அவன் அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு உருண்டைக் கோபுரங்கள், நடுவில் ஒரு கல் வாசல். எழுத்து ஒன்றும் இல்லை. அவன் எதற்காகக் கூப்பிட்டான் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

கம்பெனிக் கடிதம் நாலு வரி. குறித்த நேரத்தில் கப்பலுக்குத் திரும்பவில்லை, தானாகவே வேலையை விட்டுச் சென்றதாகக் கருதுகிறோம். பிறகு அவன் பெட்டி வந்தது. உள்ளே துணிமணிகளையெல்லாம் யாரோ துவைத்து, தேய்த்து, அழகாக மடித்து வைத்திருந்தார்கள். என் மனைவி ஒரு சட்டையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்லா தொவைச்சானுங்க? யாரு இவனுங்கள தொவைக்கச் சொன்னது?" என்று அலறினாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி பயந்துபோய் கேட்டைத் தட்டினாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். வெளியுறவு அமைச்சுக்கு நடந்தோம். அங்கிருந்து அந்த ஊர் போலீசுக்கு எழுதினார்கள், அவர்களும் தகவல் இல்லை என்று பதில் எழுதினார்கள். மூன்றாவது வருஷம் நான் கைகழுவிவிட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளை தீபாவளிக்குக்கூட அம்மாவைக் கூப்பிடாமல் இருக்குமா? சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட வீடியோ காலில் காட்டுகிறவன் அவன். சொந்தக்காரர்களும் மெதுவாக ஆரம்பித்தார்கள். கருமாதி செய்துவிடுங்கள், ஆத்மா அலையக் கூடாது, மகள் கல்யாணம் வேறு இருக்கிறது. என் மனைவி ஒருத்தர் முகத்திலும் முழிக்கவில்லை. "அவன் கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கான். பாஸ்போர்ட் இல்லாம, வேலை இல்லாம, என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டு நம்மகிட்ட பேசுவான்? ஒரு நாளைக்கு வந்துருவான்" என்பாள். கோவிட் வந்து எல்லையெல்லாம் மூடியபோது அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் வராததற்கு ஒரு காரணம் கிடைத்ததே. பந்திங்கில் குறி சொல்லும் ஓர் அம்மாவிடம் போனாள். "கல்லுக்குள்ள இருக்கான். உசுரோட இருக்கான்" என்று அந்த அம்மா சொன்னாளாம். அந்த வாசல் படத்தைக் குறி கேட்பதற்கு முன்னால் காட்டினாயா, பின்னால் காட்டினாயா என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் மகள்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். வேறு கம்பெனிக் கப்பல், ஆனால் அதே ஊரில் நிற்கும். கிளம்புவதற்கு முந்திய வாரம் அம்மாவை உட்கார வைத்து, "அம்மா, போய் நீங்களே பாருங்க. அங்க அவன் இல்லன்னா, வந்து அண்ணனுக்கு செய்ய வேண்டியத செஞ்சிருவோம்மா" என்றாள். என் மனைவி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. "போயி பாக்குறேன்" என்றாள். ஆக, அந்த எட்டரை மணி நேரத்தில் அவள் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவனைச் சாகவிட வேண்டும். இதுதான் எங்கள் சுற்றுலா.

கப்பலில் இருந்த நாலு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பரிமாற வருகிற பையன்களை உட்காரச் சொல்லாத குறைதான். தட்டை அவர்கள் எடுப்பதற்கு முன்னால் தானே அடுக்கிக் கொடுப்பாள். "ஹேவ் யூ ஈட்டன்?" என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலத்தை ஒவ்வொருவனிடமும் கேட்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டு "யெஸ் மாம்" என்பார்கள். எனக்கு அந்த 'மாம்' காதில் விழும்போதெல்லாம் எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

துறையிலிருந்து கோட்டைக்குப் பத்து நிமிட நடை. கடலை ஒட்டியே மதில். எவ்வளவு உயரம்! லோரி மேல் லோரியாக நாலு அடுக்கினாலும் எட்டாது. அந்த வாசலைத் தூரத்திலேயே அவள் கண்டுகொண்டாள். இரண்டு உருண்டைக் கோபுரங்கள், நடுவில் வாசல். போனை எடுத்துப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போனாள், அரையடி இடது பக்கம் நகர்ந்தாள். "இங்க நின்னுதாங்க எடுத்திருக்கான்" என்றாள். நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். தரையில் கல்தான் இருந்தது. எண் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வழிகாட்டிப் பெண் நாற்பது பேரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் என் மனைவியிடம் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்று படம் எடுத்தார்.

உள்ளே போனால் ஒரு முழு ஊர். கடைகள், சந்துகள், வீடுகள், கோயில், மசூதி, எல்லாம் கல். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் போர்வீரர்கள் கட்டிய ஊராம். தரை முழுக்க முட்டை முட்டையாகக் கூழாங்கல்லைச் செங்குத்தாகப் பதித்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் என் முட்டி போய்விட்டது. தலைக்கு மேலே ஒரு வீட்டுச் சுவருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவே வளைவு வளைவாகக் கல் கட்டியிருக்கிறார்கள், பூமி ஆடினால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளுமாம். அந்த வழிகாட்டிப் பெண் சொன்னதைப் பின்னாலிருந்து கேட்டேன். எந்த வீட்டில் எந்த நாட்டு வீரன் தங்கினான், எந்தக் குதிரைக்கு எங்கே தண்ணீர் வைத்தார்கள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த குதிரை எங்கே நின்றது என்று சொல்கிறாய், எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் நுழைந்த என் பிள்ளை எந்தச் சந்தில் திரும்பினான் என்று சொல்லத் தெரியவில்லை, நீயெல்லாம் ஒரு வழிகாட்டியா? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தமிழ் தெரியாது.

மகள் அச்சடித்துக் கொடுத்த படங்கள் கைப்பையில் இருந்தன. கப்பல் சீருடையில், முகத்தை மழுங்கச் சிரைத்து, சிரித்துக்கொண்டு நிற்கிற படம். கீழே ஆங்கிலத்திலும் கிரேக்கத்திலும் இரண்டு வரி. என் மனைவி ஒரு கடை விடவில்லை. தோல் செருப்புக் கடை, கடற்பஞ்சுக் கடை, காந்த பொம்மைக் கடை. உள்ளே போவாள், கும்பிடுவாள், படத்தை நீட்டுவாள். அவர்கள் முதலில் எங்களைச் சாமான் வாங்க வந்தவர்கள் என்று சிரிப்பார்கள், பிறகு படத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தலையைப் பின்னால் ஆட்டுவார்கள். அந்த ஊரில் இல்லை என்பதற்கு அப்படித்தான் தலையாட்டுவார்கள் போலிருக்கிறது. நமக்குப் பார்த்தால் ஆமாம் என்று ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் மலர்ந்து மலர்ந்து சுருங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. "முன்னாடி இருக்கிறவங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்க. பின்னாடி போவோம், குசினிப் பக்கம்" என்றாள். அவன் ஏதாவது சாப்பாட்டுக் கடைச் சமையல்கட்டில்தான் இருப்பான் என்பது அவள் கணக்கு.

பின்சந்துகளில் குப்பைத் தொட்டிகளும் பூனைகளும் இருந்தன. ஒவ்வொரு குசினிக் கதவாகத் தட்டினோம். ஏழாவதோ எட்டாவதோ கதவில், கையெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு ஆள் வந்து நின்றான். நாற்பது வயசு இருக்கும். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், டாரி மலேசியா கா?" என்றான். மலேசியாவிலிருந்தா என்று மலாயில் கேட்கிறான்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்காளதேசத்துக்காரன். மலேசியாவில் கம்போங் மேடானில் தங்கி ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் வேலை செய்தவனாம். என் மனைவி அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையையே கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எங்களை ஒரு பால் பெட்டி மேல் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மலாயிலேயே பேசினான்.

படத்தை வெகு நேரம் பார்த்தான். நான் இங்கே வந்து ஐந்து வருஷம், இவனைப் பார்த்ததில்லை என்றான். கப்பலிலிருந்து இறங்கி ஓடுகிறவர்கள் யாரும் இந்தத் தீவில் தங்க மாட்டார்கள், இது சின்ன இடம், எங்களைப் போன்ற ஆட்கள் எல்லோரும் எல்லோரையும் அறிவோம் என்றான். பெரிய ஊருக்குப் போவார்கள், அங்கிருந்து லோரியில் ஒளிந்து வேறு நாட்டுக்குப் போவார்கள். "சில பேர் போய்ச் சேருவார்கள், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். லோரியைப் பற்றி எனக்கு அவன் ஒன்றும் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்டெய்னர் கதவைத் திறந்தபோது என்னவெல்லாம் பார்த்தேன் என்று நானும் வீட்டில் சொன்னதில்லை.

பிறகு அவன், "வேறு படம் இருக்கிறதா? தாடியோடு? இப்படி ஓடி வருகிறவர்கள் தாடி வளர்த்துக்கொள்வார்கள்" என்றான். இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருந்த காலத்தில் தாடியோடு எடுத்த படம் ஒன்று என் பர்ஸில் எப்போதும் இருக்கும். உதவி செய்கிற அவசரத்தில், முட்டாள், நான் யோசிக்கவே இல்லை. எடுத்து நீட்டினேன். அவன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். நெற்றியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கட்டை விரலால் தேய்த்தான். போகவில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு மறுபடி தேய்த்தான். "கோத்தோர் சிக்கிட்," கொஞ்சம் அழுக்கு, என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் விரல் நுனியில் மஞ்சளும் சிவப்பும் ஒட்டியிருந்தன. என் மனைவி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அதைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் ஆடி அமாவாசைக்கு, பந்திங்கில் பழைய கூட்டாளி ஒருத்தனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, நான் மோரிப் கடற்கரைக்குப் போனேன். அங்கே ஐயர்கள் வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்து திதி கொடுத்து வைப்பார்கள். ஒரு ஐயர் யாருக்கு என்று கேட்டார். மகனுக்கு என்றேன். இறந்த தேதி கேட்டார். தெரியாது என்றேன். அவர் பாயைக் காட்டி, "தேதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதான். உக்காருங்க" என்றார். பர்ஸிலிருந்த படத்தை வாங்கி, இலையில் சாய்த்து வைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். இருக்கிறவர்களின் படத்துக்கு யார் பொட்டு வைப்பார்கள்? அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போனது. அழுதேன். அழுது முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

பிண்டத்தை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், காக்கா எடுத்தால் அவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம் என்றார் ஐயர். மோரிப்பில் காக்காவுக்கா பஞ்சம்? மற்றவர்கள் வைத்ததையெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. நான் வைத்ததை ஒன்றுகூடத் தொடவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். கிட்ட வரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், போய்விடும். கடைசியில் ஐயர், "பரவால்ல, கடல்ல விட்டுருங்க, போய்ச் சேரும்" என்றார். விட்டேன். காக்காவுக்கு வயிறு நிறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரில் கிடந்த துணியால் படத்தைத் துடைத்துப் பர்ஸில் வைத்தேன். சரியாகத் துடைக்கவில்லை.

என் மனைவி அந்தப் படத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். "தெரிமா காசி, டேக்," நன்றி தம்பி, என்று அவனிடம் சொன்னாள். படத்தை முந்தானையில் ஒற்றிக் கைப்பையில் வைத்தாள். எழுந்து நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் படத்தைக் காட்டவில்லை. சும்மா நடந்தாள். மேடு ஏறிப் போகிற ஒரு நேர்த்தெரு, இரண்டு பக்கமும் பெரிய பெரிய கல் மாளிகைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் செதுக்கிய சின்னம். அந்த வீரர்கள் தங்கிய தெரு அதுதானாம். அதில் கடைசி வரை ஏறினாள், மறுபடி இறங்கினாள். பிறகு ஆட்கள் குடியிருக்கிற சந்துகளுக்குள் போனாள். கொடியில் துணி காய்ந்தது. யார் வீட்டிலோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. நான் நாலடி பின்னால் நொண்டிக்கொண்டே போனேன். "இந்தா, நில்லு" என்றேன். நிற்கவில்லை. "எதாச்சும் சொல்லேன்டி. திட்டு. அடிக்கணும்னா அடி" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபம்தான் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. அவள் திரும்பிப் பார்க்காமல், "சத்தம் போடாதீங்க. இது அடுத்தவங்க வீடு" என்றாள்.

மணி மூன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. கடைகளுக்கு நடுவில் ஒரு சதுக்கம், அதில் ஒரு பழைய நீரூற்று. அதன் படியில் அவள் உட்கார்ந்தாள். சுற்றிலும் மேசை போட்டு ஆட்கள் பெரிய பெரிய கண்ணாடிக் குவளைகளில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்பலுக்குப் போக இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும், என் காலுக்கு அதற்கும் மேல். சொல்லப் பயமாக இருந்தது.

"எப்ப?" என்றாள்.

"போன ஆடி அமாவாசை."

"எங்க?"

"மோரிப்ல."

"தனியாவா போனீங்க?"

"ம்."

"என்னா வச்சீங்க?"

"சோறு. எள்ளு. வாழப்பழம். ஐயரு சொன்னதுதான்."

"அவனுக்கு வாழப்பழம் புடிக்காது" என்றாள். ஒரு பூனை வந்து அவள் செருப்பை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, "காக்கா எடுத்துச்சா?" என்று கேட்டாள்.

எட்டு வருஷமாகப் போலீஸ்காரனையும், அமைச்சையும், கம்பெனிக்காரனையும், குறி சொல்கிறவளையும் கேட்ட கேள்வியை அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டாள். எடுக்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் அவன் இருக்கிறான் என்பாள். நீங்க போங்க, நான் இங்கயே தேடுறேன் என்பாள். அந்தப் படியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கப்பல் போய்விடும். இல்லை, தூக்கிக்கொண்டு போனாலும் வீட்டில் இன்னொரு எட்டு வருஷம். என் முட்டி வலித்தது. பசித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு அறுபத்து மூன்று வயசு, இனிமேல் என்னால் முடியாது என்று தோன்றியது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

"எடுத்துச்சு" என்றேன்.

"ஒடனேயா?"

"வச்ச ஒடனே."

அவள் தலையை ஆட்டினாள். "பசியோட இருந்திருக்கான்" என்றாள்.

அழவில்லை. புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வாங்க, நேரமாச்சு" என்று எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். வந்த வழியே நடந்தோம். அந்த வாசலில் நான் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. கப்பல் ஏணியில் எங்கள் அட்டையை வாங்கி 'டிங்' என்று ஒலிக்க வைத்தார்கள். நாங்கள் வந்துவிட்டோம் என்று அதில் பதிந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு அவள் மாறிவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்லபடியாகத்தான். தூங்குகிறாள். பாசாருக்குப் போகிறாள், மீன்காரனோடு பேரம் பேசுகிறாள், சிரிக்கிறாள்கூட. "பாத்தீங்களாப்பா, போயிட்டு வந்தது நல்லதுதானே. அம்மா ஏத்துக்கிட்டாங்க" என்று மகள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நான் ஆமாம் என்றேன். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இத்தனை வருஷமும் அவன் இருக்கிறான் என்று அவள் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் அவன் இல்லை என்று என்னால் சொல்லிக்கொண்டு திரிய முடிந்தது. அவள் கையை விட்டதும் அது மொத்தமும் என் தலையில் வந்து விழுந்தது. காக்கா ஏன் எடுக்கவில்லை? ஒன்றிரண்டு இல்லை, ஐம்பது காக்கா இருந்தது. ஏன் ஒன்றுகூட எடுக்கவில்லை?

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். படங்களை வரிசையாக வைத்து, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து, புதுத்துணி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். இந்தத் தீபாவளிக்கு அவள் காலையிலிருந்தே குசினியில் நின்றாள். ஆட்டுக்கறிப் பிரட்டல், இறால் சம்பால், முட்டை, அவனுக்குப் பிடித்த பாண்டான் கேக். சாயங்காலம் என் அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் அவள் இன்னொரு படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தாடிப் படம்தான். கிள்ளானில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கியிருக்கிறாள். தானே சந்தனம் குழைத்து, தானே பொட்டு வைத்தாள். புது நீலச் சட்டை ஒன்றை மடிப்புப் பிரிக்காமல் அப்படியே படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"வாங்க. கற்பூரம் காட்டுங்க" என்றாள்.

"நீயே காட்டு."

"நான் ஏன் காட்டணும்? நீங்கதான அவனுக்கு மொதல்ல சோறு வச்சீங்க. நீங்கதான் காட்டணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

மகள் தட்டை என் கையில் கொடுத்துப் பற்ற வைத்தாள். படத்தில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் எங்கேயோ ஒரு ஊரில், ஒரு குசினிக்குப் பின்னால், தாடி நரைக்க ஆரம்பித்து, அவன் தட்டுக் கழுவிக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவன் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எடுக்கலடி, காக்கா எடுக்கவே இல்லடி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்தில் அந்த முகத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

கற்பூரத்தைக் காட்டினேன்.